மோட்டார் காலுக்கு அடியில் போகும் தகடு: வெட்டித் தயாராக வரும் ஷிம் பெட்டி ஒரு மதிப்பீடு

பம்ப்பின் ஷாஃப்ட்டும் (சுழலும் தண்டு) மோட்டாரின் ஷாஃப்ட்டும் ஒரே கோட்டில் நிற்கவில்லை என்று தெரிந்ததும் பலர் அதை அளக்கும் லேசர் கருவியின் விலையை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். எங்கள் சாயப்பட்டறையில் அதற்கும் முன்னதாக நான் வற்புறுத்தி வாங்க வைத்தது வேறொரு பொருள்: வெட்டித் தயாராக வரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷிம் தகடுகள், அதாவது உயரத்தைச் சரிசெய்ய மோட்டாரின் காலுக்கு அடியில் செருகும் தகடுகள், அடங்கிய பெட்டி. பராமரிப்புப் பிரிவுக்கு நான் கேட்டு வாங்கியவற்றில் இதைவிட அதிகம் பயன்பட்டது எதுவும் இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய பொருளும் அல்ல. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பட்டறைத் தரையில் கண்டபடி எழுதுகிறேன்.

பல நிறுவனங்கள் இதை ஏறக்குறைய ஒரே அளவுகளில் விற்கின்றன. அதனால் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பேசாமல் பொருளைப் பற்றியே பேசுகிறேன். சதுரத் தகடு; ஒரு பக்கம் போல்ட் நுழைய யு வடிவ வெட்டு; எதிர்ப்பக்கம் விரலால் பிடித்து இழுக்க ஒரு சிறு காது. தகட்டின் மேலேயே கனம் பொறிக்கப்பட்டிருக்கும். வழக்கமான அளவுகள் 50, 75, 100, 125 மில்லிமீட்டர் சதுரங்கள். அவற்றின் வெட்டு அகலம் முறையே 13, 21, 32, 45 மி.மீ. கனம் 0.05 மி.மீ.யில் தொடங்கி 0.10, 0.20, 0.25, 0.50, 1 என்று ஏறி 2, 3 மி.மீ. வரை போகும். கோவையில் நாங்கள் வாங்கிய பெட்டியில் முதல் மூன்று அளவுகள் இருந்தன.

எங்கள் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்தப் பெட்டியின் அருமை புரியும். 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், அதன்பின் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீட்கும் ஏற்பாடு இருந்தால்தான் இயங்கலாம் என்றானதும் ஊரறிந்த கதை. சாய எந்திரம் ஒன்று நின்றால் ஒரு லாட் துணி தாமதமாகும், அவ்வளவுதான். கழிவுநீர்ப் பக்கத்து பம்ப் நின்றால் தொட்டி நிரம்பும். தொட்டி நிரம்பினால் பட்டறை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆகவே இங்கே இரவும் பகலும் ஓடும் பம்ப்புகளே எங்கள் கவலை. இரண்டு ஷாஃப்ட்டுகளையும் இணைக்கும் கப்ளிங்கின் மூடியான கார்டைக் கழற்றியதும் அடியில் கறுப்பு ரப்பர்ப் பொடி குவிந்திருந்தால், ‘பின்-புஷ்’ வகைக் கப்ளிங்கில் இரும்பு ஊசிகளைச் சுற்றியிருக்கும் ரப்பர் அரைபடுகிறது என்று பொருள். அடுத்து, ஷாஃப்ட்டைச் சுற்றி நீர் வெளியேறாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் கசியும். அதைத் தொடர்ந்து மோட்டாரின் கப்ளிங் பக்க பேரிங் சூடாகும். புஷ்ஷை மாற்றினோம், சீலை மாற்றினோம் என்று ஸ்டோர் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போகலாம். ஷாஃப்ட் கோணலாக இருக்கும்வரை அந்த வரவு செலவு நிற்காது.

ஷிம் பெட்டி வருவதற்கு முன் மோட்டாரின் காலுக்கு அடியில் எதைத்தான் வைக்கவில்லை! உடைந்த ஹேக்ஸா பிளேடுத் துண்டு, ஜி.ஐ. தகடு, குளிர்பான டின்னைக் கத்தரித்த துண்டு, பித்தளைத் தாள், அவசரத்துக்கு கேஸ்கெட் அட்டைகூட. எங்கள் பிரிவின் மூத்த ஃபிட்டர் அண்ணன் ஹேக்ஸா பிளேடு என்றால் 0.6 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே, டின் என்றால் ஏறக்குறைய 0.1 என்று மனப்பாடமாகச் சொல்வார். அவருடைய கைத்திறனில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கோளாறு பொருளில் இருக்கிறது. அட்டை மோட்டாரின் எடையில் நாளுக்கு நாள் நசுங்கும். பிளேடுத் துண்டு காலின் ஓர் ஓரத்தை மட்டும் தாங்கும். போல்ட்டை இறுக்கினால் கால் வளையும். கத்தரிக்கோலால் வெட்டிய தகட்டின் ஓரத்தில் பிசிர் எழும்பி நிற்கும், 0.10 என்று நினைத்து வைப்பது 0.15 ஆகத் தூக்கும். இரும்புத் தகடு ஈரத்தில் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். நாம் வைத்த கனம் நம்மைக் கேட்காமலே கூடிவிடும். எங்களைப் போல உப்பும் தண்ணீரும் எப்போதும் தரையில் ஓடும் இடத்தில் இது நிச்சயம் நடக்கும்.

தயார் ஷிம் இந்த நான்கு தொல்லைகளையும் தீர்த்தது. காலின் அடிப்பரப்பு முழுவதும் தாங்குகிறது, ஓரம் சீராக இருக்கிறது, நசுங்குவதில்லை, சாதாரண இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. கூடவே, கனம் மேலேயே எழுதியிருக்கிறது. கடைசியாகச் சொன்னது சிறிய வசதி போலத் தோன்றும். இரவு ஷிஃப்டில் வேலை பார்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள். முந்தைய ஆள் என்ன வைத்தார் என்பதைக் காதைப் பிடித்து இழுத்துப் படித்துக்கொள்ளலாம்.

புதிய மோட்டார் வாங்கினால் ஷிம் எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், பதிலும் உண்டு. மோட்டாரின் பெயர்ப்பலகையில் 160, 180 என்று சட்ட எண் (ஃப்ரேம் சைஸ்) இருக்கும். அந்த எண்தான் காலின் அடியிலிருந்து ஷாஃப்ட்டின் மையம் வரையிலான உயரம், மில்லிமீட்டரில். 4 போல் (நான்கு காந்த முனை) மோட்டாரில் 11, 15 கிலோவாட் என்றால் 160; 18.5, 22 என்றால் 180; 30 என்றால் 200. இந்த உயரத்தில் தயாரிப்பாளருக்கு ஒரு சலுகை உண்டு: 250 சட்டம் வரை 0.5 மி.மீ. குறையலாம், கூடக் கூடாது. எரிந்துபோன மோட்டாரை எடுத்துவிட்டு அதே சட்ட எண்ணில் புதியதை வைத்தாலும் உயரம் பழையதோடு ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. குறைவாக இருந்தால் ஷிம் வைத்து ஏற்றலாம். கூடுதலாக இருந்தால் பம்ப்பைத் தூக்க வேண்டும், அது குழாயோடு கட்டுண்டு கிடக்கிறது. சலுகையைக் குறையும் பக்கமாக மட்டும் வைத்த காரணம் இதுதான். ஆக, மோட்டாரின் காலுக்கு அடியில் ஷிம் இருப்பதே முறை.

இந்தப் பெட்டியில் நான் அதிகம் பயன்படுத்துவது 0.05, 0.10 தகடுகளை. அவை போகும் இடம் பெரும்பாலும் சாஃப்ட் ஃபுட் என்று ஃபிட்டர்கள் சொல்லும் கோளாறுக்கு. டீக்கடை பெஞ்சின் ஒரு கால் தரையைத் தொடாமல் ஆடுவது போல, மோட்டாரின் நான்கு கால்களில் ஒன்று பேஸ் பிளேட்டை (அடித்தகட்டை) முழுமையாகத் தொடாமல் நிற்கும். பெஞ்சு ஆடும், கண்ணுக்குத் தெரியும். மோட்டார் ஆடாது, போல்ட் அதைப் பிடித்து அழுத்திவிடும். அழுத்தியதில் மோட்டாரின் உடல் முறுகும், உள்ளே பேரிங் இருக்கைகள் கோணும். அலைன்மென்ட், அதாவது ஷாஃப்ட்டுகளின் நேர்கோடு, பார்க்கும்போது ஒரு போல்ட்டை இறுக்கியதும் நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜின் முள் குதிப்பது இதனால்தான். இதைச் சரிசெய்யாமல் கப்ளிங்கில் கேஜை மாட்டுவது வீண் வேலை. லேசரை மாட்டினாலும் அதே கதைதான்.

பார்க்கும் முறை கடினமில்லை. முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, பிரேக்கரைப் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டுங்கள். கால்களுக்கு அடியில் பெயின்ட், துரு, உப்புப் படிவு எல்லாவற்றையும் வயர் பிரஷால் தேய்த்து எடுங்கள். நான்கு போல்ட்டுகளையும் இறுக்குங்கள். காந்த அடித்தாங்கியை பேஸ் பிளேட்டில் நிறுத்தி, டயல் கேஜின் முனையை ஒரு காலின் மேல் வைத்து, அந்தக் காலின் போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள். முள் 0.05க்கு மேல் எழும்பினால் அங்கே இடைவெளி இருக்கிறது. அளந்து அந்தக் கனத்துக்கு ஷிம் வைத்து, மீண்டும் இறுக்கிவிட்டு அடுத்த காலுக்குப் போங்கள்.

இங்கேதான் பெட்டியின் எல்லை தெரிகிறது. கால் மட்டமாக இருந்து, உயரம் மட்டும் குறைந்திருந்தால் சதுரத் தகடு அதைச் சரியாக நிரப்பும். கால் சாய்ந்திருந்தால், அதாவது உள்விளிம்பு தொட்டு வெளிவிளிம்பு தூக்கியிருந்தால், முழுத் தகட்டை உள்ளே தள்ளுவது நிலைமையை இன்னும் கெடுக்கும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்து ஒவ்வொரு காலின் நான்கு மூலைகளிலும் நுழைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை கனம் மாறினால் மெல்லிய தகடுகளைப் படிப்படியாகக் குறுக்கி வெட்டி, ஏணிப்படி போல அடுக்க வேண்டும். இல்லையென்றால் பேஸ் பிளேட்டையே எந்திரத்தில் மட்டம் செய்ய வேண்டும். பெட்டியோடு வரும் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்திருக்க வேண்டும், வாங்குகிறவர் பெட்டி வந்தால் சாஃப்ட் ஃபுட் தீர்ந்தது என்றுதான் நினைப்பார்.

உயரத் திருத்தத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கப்ளிங்கின் விளிம்பில் டயல் கேஜ் முழுச் சுற்றில் காட்டும் வித்தியாசத்தில் பாதிதான் மையங்களின் உண்மையான விலகல். மேலுக்கும் கீழுக்கும் 0.38 காட்டினால் மோட்டார் 0.19 மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்ளிங்கின் முகத்தில் 200 மி.மீ. விட்டத்தில் மேலே 0.08 கூடுதலாகத் திறந்திருக்கிறது. அப்படியென்றால் மோட்டாரின் பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது, 100 மி.மீ.க்கு 0.04 வீதம். கப்ளிங்கிலிருந்து முன்கால் 150 மி.மீ. தூரத்தில் இருந்தால் அங்கே 0.06, பின்கால் 450இல் இருந்தால் அங்கே 0.18. இரண்டோடும் 0.19ஐக் கூட்டினால் முன்கால்களுக்கு 0.25, பின்கால்களுக்கு 0.37. முன்னே ஒரே ஒரு 0.25 தகடு. பின்னே 0.25உடன் ஒரு 0.10. மிச்சம் 0.02, அதை விட்டுவிடலாம். ஹேக்ஸா பிளேடும் டின்னும் வைத்திருந்த காலத்தில் இந்தக் கணக்கைப் போட்டாலும் 0.25ஐயும் 0.35ஐயும் எதைக் கொண்டு நிரப்புவது? கணக்குப் போடும் பழக்கமே எங்களிடம் வளராததற்கு அது ஒரு காரணம். பெட்டி வந்த பிறகு இளைஞர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பம்ப் அருகே உட்காருகிறார்கள். எனக்கு அதில்தான் மிகுந்த மகிழ்ச்சி.

கேஜ் தாங்கும் கம்பி தன் எடையில் கீழே தொங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். நேரான ஒரு குழாயில் அதே கம்பியை மாட்டிச் சுற்றிப் பார்த்தால் தொய்வு எவ்வளவு என்று தெரியும். மேல், கீழ் அளவுகளின் கூட்டுத்தொகையும் இடம், வலம் அளவுகளின் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய சமமாக வரவில்லையென்றால் அளவே தவறு, ஷிம்மைத் தொடாதீர்கள்.

நாங்கள் வைத்திருக்கும் வரம்பு: நிமிடத்துக்கு 1450 சுற்றில் ஓடும் பம்ப்புக்கு விலகல் 0.05 மி.மீ. என்றால் நன்று, 0.10 வரை ஓட விடுவோம். 2900 சுற்று என்றால் 0.03 நன்று, 0.07க்கு மேல் விடுவதில்லை.

தகட்டை வைப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். போல்ட்டில் இடிக்கும்வரை உள்ளே தள்ளி, பிறகு சில மில்லிமீட்டர் பின்னால் இழுத்து விடுங்கள். மரையில் ஏறி நின்றால் கனம் பொய்யாகும். ஒரு காலுக்கு நான்கு தகடுகளுக்கு மேல் அடுக்காதீர்கள். அடுக்கு கூடக்கூட அது ஸ்பிரிங்காக மாறும். ஐந்தாறு மெல்லிய தகடுகளை எடுத்துவிட்டு ஒரு தடித்ததை வையுங்கள். 0.05 தகட்டைத் தடித்த இரண்டுக்கு நடுவில் வையுங்கள். வெளியே வைத்தால் சுருண்டுவிடும்.

இனி குறைகள். முதலாவது, கனம். மெல்லியவை நம்பத்தக்கவை. 2, 3 மி.மீ. தகடுகளில் எழுதியிருக்கும் கனத்துக்கும் உண்மைக் கனத்துக்கும் வித்தியாசம் இருக்கலாம்; நூறில் சில பங்கு மில்லிமீட்டர் போனாலும் 2900 சுற்றில் அது முழு வரம்பையும் தின்றுவிடும். மைக்ரோமீட்டரால் அளக்காமல் தடித்த தகட்டை உள்ளே வைக்க நான் யாரையும் அனுமதிப்பதில்லை. இரண்டாவது, பெட்டியில் எல்லாக் கனத்திலும் ஒரே எண்ணிக்கை. பட்டறையில் தேவை அப்படி இல்லை. 0.05உம் 0.10உம் முதலில் தீரும்; 3 மி.மீ. அப்படியே கிடக்கும். மூன்றாவது, அளவுகளின் பொருத்தம். 160, 180 சட்ட மோட்டார்களுக்கு எம்12 (12 மி.மீ. விட்டம்) போல்ட். 50 சதுரத்தின் 13 மி.மீ. வெட்டு அதற்கு நுழையும், ஆனால் இறுக்கமாக. பக்கவாட்டில் மோட்டாரை நகர்த்தும்போது தகடும் கூடவே இழுபடுகிறது. 200 சட்டத்துக்கு எம்16 என்பதால் 75 சதுரம் சரியாக உட்காருகிறது.

நான்காவதுதான் எங்களைப் போன்ற சாயப்பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. ஸ்டெயின்லெஸ் என்றதும் துருவே பிடிக்காது என்று எண்ணிவிடக் கூடாது. பருத்திக்குச் சாயமேற்ற உப்பு போடுகிறோம். கழிவுநீரில் குளோரைடு நிறைய. இரண்டு தகடுகளுக்கு இடையே அந்த நீர் புகுந்து காற்றில்லாமல் தேங்கினால் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். 316 வகை இதை இன்னும் நன்றாகத் தாங்கும். பெட்டியின் மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மட்டும் போட்டிருந்தால் கடைக்காரரிடம் எந்த வகை என்று எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுத்தால் வேறு கடை பாருங்கள். மென்நீர் பம்ப், குளிர்விக்கும் கோபுரத்து பம்ப் போன்றவற்றுக்கு 304 போதும்.

பக்கவாட்டு விலகலுக்கு ஷிம் உதவாது என்பது தெரிந்ததுதான். அதற்கு பேஸ் பிளேட்டில் மோட்டாரைப் பக்கவாட்டில் தள்ளும் ஜாக் போல்ட்டுகள் வேண்டும். எங்கள் பழைய பேஸ் பிளேட்டுகளில் அவை இல்லை. சுத்தியலால் தட்டி நகர்த்தும் வழக்கத்தை நிறுத்த, நட்டு ஒன்றை வெல்டிங் செய்து போல்ட் நுழைத்துவிட்டோம். வெல்டிங் செய்யும்போது மோட்டாரைக் கழற்றி வெளியே வையுங்கள். மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்தால் அதன் ஆயுள் அங்கேயே முடிந்துவிடும்.

குழாய் இழுப்பும் அப்படியே. பம்ப்பைக் குழாயோடு இணைக்கும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைத் தளர்த்தும்போது கப்ளிங்கில் வைத்த டயல் கேஜ் 0.05க்கு மேல் நகர்ந்தால் குழாய் பம்ப்பை இழுத்துக்கொண்டிருக்கிறது. குழாய்க்குத் தாங்கி போடாமல் ஷிம் மாற்றிக்கொண்டே இருந்தால் பெட்டிதான் காலியாகும்.

சூடான பம்ப்புக்கு ஒரு சொல். கொதிகலனுக்கு நீர் தள்ளும் பம்ப்பை எடுத்துக்கொள்வோம். காலிலிருந்து மையம் 200 மி.மீ. உயரம், 30 டிகிரியில் நிற்கும் உடல் 100 டிகிரிக்குப் போகிறது. வார்ப்பிரும்பு மீட்டருக்கு, டிகிரிக்கு ஏறக்குறைய 0.011 மி.மீ. நீளும். அப்படியானால் மையம் சுமார் 0.15 உயரும். மோட்டாரும் சூடாகி 0.05 உயர்கிறது என்றால் மிச்ச வித்தியாசம் 0.10. குளிர்ந்த நிலையில் மோட்டாரை அந்த 0.10 உயரமாகவே நிறுத்துகிறோம். ஒரே ஒரு 0.10 தகடு, வேலை முடிந்தது. டின் துண்டை நம்பி இப்படி வேண்டுமென்றே உயர்த்தி வைக்க யாருக்கும் துணிவு வராது.

லேசர் கருவி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பம்ப்புகள் நிறைய இருந்தால் வாங்குங்கள். கம்பித் தொய்வு இல்லை, கணக்கைத் தானே போடும், வேலை விரைவாக முடியும். ஆனால் அது திரையில் 0.35 என்று காட்டும்போது அந்த 0.35ஐ எடுத்துக் காலுக்கு அடியில் வைக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும். இரண்டு நல்ல டயல் கேஜ், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு ஷிம் பெட்டி: இதில் தொடங்கிய பட்டறை பிறகு லேசருக்குப் போனால் அதை முழுமையாகப் பயன்படுத்தும்.

சிறிய பட்டறைக்கு முழுப் பெட்டி வேண்டியதில்லை. உங்கள் மோட்டார்களின் சட்ட எண்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 132இலிருந்து 180 வரை மட்டும் இருந்தால் 50 சதுரம் போதும். 200இலிருந்து 250 வரை இருந்தால் 75 சதுரமும் சேருங்கள். கனத்தில் 0.05, 0.10, 0.20, 0.25, 0.50, 1 ஆகியவற்றைத் தனித்தனிப் பொட்டலமாகக் கேளுங்கள், பல கடைகளில் கிடைக்கிறது. 0.05, 0.10 இரண்டையும் மற்றவற்றைப் போல இரு மடங்கு வாங்குங்கள். பொட்டலத்தைக் கடையிலேயே பிரித்து, மேலே இருக்கும் தகட்டின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிசிர் தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.